செம்பிற் களிம்பு: பண்டை நாணயங்களின் மேற்படிவு பற்றிய ஓர் இரசனை நோக்கு

செம்பிற் களிம்பு என்னும் தொடர் தமிழ் பயில்வோருக்குப் புதியதன்று. உயிருக்கும் ஆணவமலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கப் புகும் சைவசித்தாந்த நூல்கள் நெல்லில் உமியையும் செம்பிற் களிம்பையும் உவமையாக எடுத்தாளும். செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு. அது இடையில் வந்து ஒட்டியதன்று. இரசகுளிகையின் பரிசத்தால் அது நீங்கும்போது செம்பு பொன்னாகும் என்பது அவ்வுவமையின் பொருள். இம்மதிப்பீடு ஏட்டோடு நின்றுவிட்ட ஒன்றுமன்று. விரத நாளுக்கு முன் குத்துவிளக்கையும் செம்பையும் பழப்புளியிட்டுத் தேய்த்து மினுக்கும் இல்லத்து வழக்கமும் இதனையே கூறுகிறது. களிம்பு குற்றம், மினுக்கம் தூய்மை.

பண்டை நாணயங்களைச் சேர்ப்போரின் உலகிலே இம்மதிப்பீடு தலைகீழாக நிற்கக் காண்கிறோம். உரோமப் பேரரசின் செப்பு நாணயமொன்று கரும்பச்சை நிறத்தில், மெருகிட்ட கல்லைப் போன்ற வழவழப்போடு கிடைக்குமாயின், பளபளக்கத் துலக்கப்பட்ட அதே வகை நாணயத்தைவிட அது பன்மடங்கு விலை பெறும். களிம்பு அங்கே குற்றமன்று, அழகு. அவ்வழகுக்கு இத்தாலிய மொழியிலிருந்து பெற்ற 'பற்றினா' என்னும் சொல்லை ஐரோப்பிய மொழிகள் வழங்குகின்றன. வெள்ளி நாணயத்தில் ஏறும் கருமை, நீலம், செம்பொன் முதலிய சாயல்களும் இவ்வாறே பாராட்டப்படுகின்றன.

ஒரே பொருளைக் குற்றமென்றும் அழகென்றும் கொள்ளும் இவ்விரு நோக்குகளுள் எது பொருத்தமானது என்னும் வினா வெறும் சுவைபற்றிய வினா அன்று. தோட்டம் கொத்தும்போதோ கிணறு வெட்டும்போதோ வெளிப்படும் நாணயத்தை முதலில் எடுக்கும் கை அதனை என்ன செய்கிறது என்பது இவ்வினாவுக்கு அக்கை அறிந்திருக்கும் விடையைப் பொறுத்தது. புளியும் தேசிக்காயும் சாம்பலும் அருகில் இருக்கும் வரையில், பல நூற்றாண்டுச் சான்று ஒன்று ஒரு நாழிகைக்குள் அழிந்துபோக இடமுண்டு. ஆதலின் களிம்பை இரசித்தல் என்பது யாது, அவ்விரசனையின் நியாயம் எவ்வளவு, அதன் குறை யாது என்பனவற்றை நோக்குதல் வேண்டும்.

களிம்பு தோன்றும் வகை

செம்பு நிலத்தினுட் கிடக்கும்போது ஒட்சிசன், ஈரம், காபனீரொட்சைட்டு, மண்ணிலுள்ள உப்புக்கள் ஆகியவற்றோடு தாக்கமுறுகிறது. உலோகத்தை ஒட்டி முதலிற் செந்நிறமான செப்பொட்சைட்டுப் படை உண்டாகும். கனிப்பொருளியலார் இதனைக் கியூப்பிரைற்று என்பர். அதன்மேற் பச்சை நிறமுடைய மலக்கைற்றும் சிலவேளைகளில் நீல நிறமுடைய அசுரைற்றும் படியும். இவை காபனேற்றுச் சேர்வைகள். செம்போடு கலந்துள்ள வெள்ளீயம், ஈயம், நாகம் ஆகியவற்றின் அளவு, மண்ணின் அமில காரத் தன்மை, ஈரத்தின் ஏற்ற இறக்கம் என்பவற்றுக்கேற்ப நிறமும் தடிப்பும் மாறுபடும். எனவே ஒரே அச்சிலே ஒரே நாளிலே அடிக்கப்பெற்ற இரு நாணயங்கள் வெவ்வேறு மண்ணிற் புதைந்தால் வெவ்வேறு நிறத்தோடு மீளும். ஆற்றுச் சேற்றினுள்ளே காற்றுப் படாது கிடந்தவை சிறிதும் களிம்பேறாது மீள்வதும் உண்டு. உரோம நகரின் தைபர் ஆற்றிலிருந்து கிடைத்த பித்தளை நாணயங்கள் சில பொன்மஞ்சள் நிறத்தை இழவாதிருப்பது இக்காரணத்தாலாகும்.

வெள்ளியின் கதை வேறு. வளியிலுள்ள ஐதரசன் சல்பைட்டு முதலிய கந்தகச் சேர்வைகள் வெள்ளியின் மேல் வெள்ளிச் சல்பைட்டு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. படலம் மிக மெல்லியதாயிருக்கும்போது அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டு மீளும் ஒளியலைகள் ஒன்றோடொன்று தலையிட்டு, நீரின்மேல் மிதக்கும் எண்ணெயிற் போல நிறங்களைத் தோற்றுவிக்கும். படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், செவ்வூதா, நீலம் என நிறம் மாறிச் சென்று ஈற்றிற் கருமையாகும். மரப்பேழையிலோ கடதாசி உறையிலோ பல்லாண்டு கிடந்த வெள்ளி நாணயம் விளிம்பில் நீலமும் நடுவிற் பொன்னிறமும் காட்டுவது இதனாலேயே. தூய பொன் களிம்பேறுவதில்லை. ஆயினும் பொன் நாணயத்தின் மேலும் அயலிலிருந்து வந்து படியும் படலத்தாற் செந்நிறச் சாயல் உண்டாதல் கூடும்.

இவ்விரசாயனத்துள் இரசனைக்கு இன்றியமையாத உண்மையொன்று அடங்கியுள்ளது. நெடுங்காலம் மண்ணிற் கிடந்த செப்பு நாணயத்தின் களிம்பு, உலோகத்தின் மேல் வெளியிலிருந்து பூசப்பெற்ற பூச்சன்று. முன்னர் உலோகமாயிருந்த பகுதியே இப்போது களிம்பாக மாறியுள்ளது. அரசனின் முகமும் எழுத்தும் பொறிக்கப்பெற்ற பழைய மேற்பரப்பு எஞ்சியிருப்பது பெரும்பாலும் அக்களிம்புப் படைக்குள்ளேதான். உள்ளேயுள்ள உலோகக் கருவோ அரிக்கப்பட்டு மேடுபள்ளமாகக் கிடக்கும். குத்துவிளக்கிற் களிம்பு செம்பின்மேல் இருக்கிறது. புதைநாணயத்திலோ செம்பே களிம்பாகி இருக்கிறது. முன்னதைத் தேய்த்தால் விளக்கு எஞ்சும். பின்னதைத் தேய்த்தால் எஞ்சுவது முகமற்ற உலோகத் துண்டு மட்டுமே. மலம் நீங்கியபின் உயிர் எஞ்சும் என்னும் சித்தாந்த உவமை இவ்விடத்திற் பொருந்தாது போகிறது. களிம்பு பற்றிய மரபுவழி மதிப்பீடு விளக்குக்குச் சரி, நாணயத்துக்குத் தவறு. இதனை உணராமையே கேட்டுக்கெல்லாம் காரணம்.

இரசனையின் வரலாறு

களிம்பை அழகாகக் காணும் நோக்கு அண்மைக்காலச் சேகரிப்பாளர் உண்டாக்கியதன்று. கிரேக்க அறிஞரும் டெல்பிக் கோயிலிற் குருவாயிருந்தவருமான புளூட்டாக், அக்கோயிலின் குறிமொழிகள் பற்றி எழுதிய உரையாடலொன்றில் இதனைக் காணலாம். டெல்பியைப் பார்க்க வந்த விருந்தினர், கடற்படைத் தலைவர்களின் வெண்கலச் சிலைகள் ஆழ்ந்த நீல நிறத்தோடு விளங்குவதைக் கண்டு வியக்கின்றனர். அந்நிறம் அழுக்கோ துருவோ போலத் தோன்றவில்லை. கடலோடிகளுக்குக் கடலின் நிறமே வாய்த்தாற்போல் இருக்கிறது. உடனே அவர்களிடையே விவாதம் எழுகிறது. அந்நிறம் பழைய கம்மியரின் கலவை இரகசியத்தால் வந்ததா? டெல்பியின் காற்றால் வந்ததா? உலோகத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டதா?

இவ்வுரையாடலில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. அழகைக் கண்டவர் அதன் காரணத்தையும் உடன் வினவினர். இரசனையும் ஆராய்ச்சியும் அங்கே பிரிந்து நிற்கவில்லை. நிறத்தைத் தனியே பாராட்டாமல், அது எப்பொருளின்மேல் நிற்கிறது என்பதோடு சேர்த்துப் பாராட்டினர் என்பது மற்றையது. பிற்கால நாணய இரசனை இவ்விரண்டையும் எவ்வளவு காத்தது என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாக அமையலாம்.

'பற்றினா' என்னும் சொல்லுக்கு 1681 இல் வெளிவந்த தமது கலைச்சொல் அகராதியிற் பிலிப்போ பால்தினூச்சி பொருள் கூறியபோது, அது ஓவியரின் சொல்லாகவே இருந்தது. காலம் ஓவியங்களின்மேல் ஏற்றும் கருமையையும், அக்கருமை சிலபோது ஓவியத்துக்கு நலம் செய்வதையும் அவர் குறித்தார். காலமும் ஒரு கலைஞன் என்னும் கருத்து இங்கே வித்தாக உள்ளது. இதனைக் கோட்பாடாக வளர்த்தவர் வியன்னாவைச் சேர்ந்த அலோயிஸ் றீகல். நினைவுச்சின்னங்களின் வழிபாடு பற்றி 1903 இல் வெளியிட்ட ஆய்வில், பழம்பொருளுக்கு வரலாற்று மதிப்பு, முதுமை மதிப்பு, புதுமை மதிப்பு எனப் பல மதிப்புக்கள் உண்டென்றும் அவை தம்முள் முரணுவன என்றும் அவர் விளக்கினார். ஒரு பொருள் எக்காலத்தது, எதற்குச் சான்று என்று நோக்குவது வரலாற்று மதிப்பு. கல்வியறிவு இல்லாதவரும் கண்ட மாத்திரத்தில் உணரக்கூடிய பழமையின் சாயல் முதுமை மதிப்பு. குறைவின்றிப் புதிதாக மினுங்குதலை விரும்புவது புதுமை மதிப்பு; பெரும்பாலான மக்கள் விரும்புவது இதுவே என்பதும் அவர் கருத்து. புளியிட்டு விளக்கைத் துலக்கும் கை புதுமை மதிப்பின் கை. கரும்பச்சை நாணயத்துக்குப் பொன் கொடுக்கும் கை முதுமை மதிப்பின் கை. இவ்விரண்டும் வரலாற்று மதிப்பை மறந்துவிடக்கூடும் என்பதை றீகலின் பகுப்பைக் கொண்டே உணரலாம்.

நிறமே போதுமா?

களிம்பை இரசிப்போரின் நோக்கிலும் குறைகள் உண்டு. அவற்றுள் முதலாவது, நாணயம் அடிக்கப்பட்ட காலத்தில் அதன் நிறத்துக்கு இருந்த பொருளை அவ்விரசனை மறைத்துவிடுகிறது என்பது. உரோமப் பேரரசில் அகஸ்தஸ் காலச் சீர்திருத்தத்தின்பின் செஸ்தேர்சியஸ், துப்பொந்தியஸ் என்பன பொன்மஞ்சள் நிறப் பித்தளையிலும், அஸ் என்பது செந்நிறச் செம்பிலும் அடிக்கப்பட்டன. துப்பொந்தியஸ் ஓர் அஸ்ஸின் இரு மடங்கு மதிப்புடையது. ஆயினும் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவின. சந்தையில் நின்ற உரோமக் குடிமகன் இவ்விரண்டையும் பிரித்தறிந்தது பெரிதும் நிறத்தாலேயே. மஞ்சள் இரண்டு, சிவப்பு ஒன்று. நீரோவின் காலந்தொட்டு இரட்டை நாணயத்தில் அரசனுக்குக் கதிர்முடி சூட்டும் வழக்கம் தோன்றியபோதும் நிறத்தின் பயன் குன்றவில்லை. இன்று நூதனசாலைப் பேழையில் இவ்விரண்டும் ஒரே பச்சையாய் அருகருகே இருக்கின்றன. களிம்பு ஒன்றைத் தந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. பச்சையின் அழகில் ஈடுபடுவோர், அதன் கீழே மஞ்சளும் சிவப்பும் ஒரு காலத்தில் விலை பேசின என்பதையும் நினைத்தல் வேண்டும். அடித்தவன் கருதியது மினுக்கத்தையே. களிம்பை அவன் கருதவில்லை.

இரண்டாவது குறை சமூகப் பார்வையோடு தொடர்புடையது. நாணயத்தின் மேற்பரப்பில் இரு வரலாறுகள் எழுதப்படுகின்றன. ஒன்று தேய்வு, மற்றையது களிம்பு. தேய்வு கைகளின் வரலாறு. உழவன், கூலியாள், வணிகன், தோணிக்காரன் எனக் கைமாறிக் கைமாறி அரசனின் மூக்கும் தாடையும் தட்டையாவது அதனால். களிம்பு மண்ணின் வரலாறு. கைகள் விட்ட பின்னரே அது தொடங்குகிறது. நாணயச் சந்தை இவ்விரண்டையும் ஒப்ப மதிப்பதில்லை. தேய்வு மிகக் குறைந்தும் களிம்பு மிக அழகாயும் உள்ள நாணயத்துக்கே உயர்ந்த விலை. அதாவது எவரும் அதிகம் தொடாத நாணயம், நெடுங்காலம் புதைந்து கிடந்த நாணயம் என்பதே அதன் பொருள். காலத்தைப் போற்றுவதாகச் சொல்லும் இரசனை, அக்காலத்தில் வாழ்ந்த மனிதரின் கைச்சுவட்டை மட்டும் விலக்கிவிடுகிறது. செல்வர் புதைத்த பொருளே அழகாக மீளுகிறது. ஏழையின் கையிற் புழங்கிய காசு 'தேய்ந்தது' என்று கூடையில் வீசப்படுகிறது. நாணயம் நாணயமாக வாழ்ந்தமைக்குச் சான்று தேய்வேயன்றோ?

இவ்விடத்திற் கிழக்காசிய மரபு ஒப்பிடத்தக்கது. சீனத்திலே 1388 இல் வெளிவந்த 'கேகு யாவ்லுன்' என்னும் பழம்பொருள் நூல், வெண்கலக் கலங்களின் நிறத்தை மண்ணிற் கிடந்தமை, நீரிற் கிடந்தமை, புதையாது தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டமை என்பவற்றுக்கேற்ப வேறுபடுத்திக் கூறுகிறது. கையளிக்கப்பட்டதற்கும் அங்கே தனி நிறமும் தனி மதிப்பும் உண்டு. யப்பானிய எழுத்தாளர் தனிசாகி யுனிச்சிரோ 1933 இல் நிழலின் அழகைப் பாராட்டி எழுதிய கட்டுரையில், பொருளொன்று பல்லாண்டுகள் கைப்பட்டுப் பெறும் மெருகையே கிழக்கு விரும்புகிறது என்றும், ஒளிவின்றிக் கூறினால் அது கையழுக்கே என்றும் எழுதினார். கையின் சுவட்டை அழகிலிருந்து விலக்காத இந்நோக்கு, களிம்பை மட்டும் பார்க்கும் நாணய இரசனைக்கு வேண்டிய திருத்தமாகும்.

மூன்றாவது குறை, நிறம் தானே விலைப்பொருளாகும்போது அது சான்றாகும் தன்மையை இழக்கிறது என்பது. கி.பி. 79 இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் மூடுண்ட பொஸ்கோரியாலே என்னுமிடத்துப் பண்ணைவீட்டில், 1895 இல் வெள்ளிக் கலங்களோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட உரோமப் பொன் நாணயங்களும் கண்டெடுக்கப்பட்டன. வெள்ளிக் கலங்களிற் பெரும்பகுதி பாரிசிலுள்ள இலூவர் நூதனசாலையை அடைந்தது. நாணயங்களோ சந்தை வழியே உலகெங்கும் சிதறிப்போயின. அவற்றுட் சிலவற்றிற் காணப்படும் செவ்வூதாச் சாயலுக்கு நாணய வணிகர் அவ்வூரின் பெயரையே இட்டனர். அதன் விளைவு யாது? எங்கே, எதனோடு, எந்த வரிசையில் இருந்தது என்னும் செய்தி அழிந்த பின்னர், நிறமே அச்செய்தியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நிறத்தை இரசாயனத்தால் உண்டாக்க முடியும். செய்தியை அவ்வாறு உண்டாக்க முடியாது. உரோம நாணயங்களைப் பின்பற்றிப் பதினாறாம் நூற்றாண்டிற் பாதுவா நகரத்துக் கலைஞர் ஜொவான்னி தா கவினோ (1500-1570) ஆக்கிய படிகள் இன்றும் பெயர்பெற்றவை. படியெடுத்து, அதற்குக் களிம்பும் ஏற்றி, பழையதென விற்கும் தொழில் அன்று முதல் ஓயவில்லை. களிம்பு விலைபெற்ற நாளிலேயே களிம்பின் போலியும் பிறந்தது எனலாம்.

மினுக்குதலின் குறை

இக்குறைகள் உண்டெனினும், அவற்றைக் காட்டிக் களிம்பை நீக்கிவிடலாம் எனக் கொள்ளுதல் அதனினும் பெரிய தவறாகும். இத்தவறு பாமரருக்கு மட்டும் உரியதன்று. 1888 இற் பேர்லின் அரச நூதனசாலைகளின் இரசாயனக்கூடத்துக்குப் பொறுப்பேற்ற பிரீட்றிக் றாத்கன், பழம்பொருட் பாதுகாப்பை விஞ்ஞானமாக்கிய முன்னோடி. அவரும் அவரைப் பின்பற்றியோரும் கையாண்ட மின்னிரசாயனத் தாழ்த்தல் முறை, அரிப்பை நிறுத்தும் நோக்கோடு களிம்பையே நீக்கியது. அம்முறைக்கு உட்பட்ட பொருள்கள் பலவற்றிற் பழைய மேற்பரப்பும் உடன் போயிற்று. விஞ்ஞானத்தின் பெயராற் செய்ததும் புளியாற் செய்ததும் இவ்வளவில் ஒன்றே. பழப்புளியிலுள்ள தாத்தாரிக்கு அமிலமும் தேசிக்காயிலுள்ள சித்திரிக்கு அமிலமும் செப்பின் ஒட்சைட்டையும் காபனேற்றையும் கரைப்பன. கரைந்து செல்லும் பச்சை நீரிலே அரசனின் முகமும் கரைந்து செல்கிறது.

ஆயின் களிம்பெல்லாம் காக்கத்தக்கதும் அன்று. கடலோர மண்ணிலுள்ள குளோரைட்டு உலோகத்துக்குள் புகுந்துவிடுமாயின், செப்புக் குளோரைட்டு ஈரத்தோடும் ஒட்சிசனோடும் தாக்கமுற்று அமிலத்தை விடுவிக்கும்; அவ்வமிலம் மேலும் செம்பை அரிக்கும்; அத்தாக்கம் தானே தன்னைப் பெருக்கிக்கொண்டு செல்லும். வெளிறிய பச்சை நிறமான பொடி நாணயத்திற் புள்ளிபுள்ளியாகத் தோன்றுவது இதன் அறிகுறி. இதனை 'வெண்கல நோய்' என்பர். ஈரமற்ற சூழலில் வைத்தலும், 1967 முதற் பயன்பாட்டுக்கு வந்த பென்சோதிரையசோல் முதலிய பொருள்களால் தாக்கத்தை அடக்குதலும் இதற்குப் பரிகாரங்களாம். முதுமை மதிப்பை முழுமையாக ஏற்றால் அழிவையும் இயற்கையென ஏற்க வேண்டிவரும் என்று றீகலே சுட்டினார். அவ்வழி சென்றால் இரசிக்க நாணயமே எஞ்சாது. எனவே, நிலைபெற்று அமைந்த களிம்பைக் காத்தலும் உயிர்கொண்டு அரிக்கும் களிம்பை நிறுத்துதலும் என இரு வேறு கடமைகள் உண்டு. இவ்வேறுபாட்டை அறிந்தவரே களிம்பை இரசிக்கத் தகுதியுடையோர்.

ஈழத்து நாணயங்கள்

மேற்கூறியவை உரோமச் சந்தைக்கும் ஐரோப்பிய நூதனசாலைகளுக்கும் மட்டும் உரிய பிரச்சினைகள் எனக் கருதுதற்கில்லை. இலங்கையின் பண்டை நாணயங்களிற் பெரும்பகுதி செம்பும் செப்புக் கலவையுமே. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதனோடு பிறை, அடியிற் 'சேது' என்னும் தமிழ்ச்சொல். இந்நாணயங்கள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையனவா, யாழ்ப்பாண அரசருடையனவா என்பது ஒருகாலத்தில் விவாதத்துக்குரியதாயிருந்தது. 1924 இல் வெளிவந்த இலங்கை நாணயங்கள் பற்றிய தமது நூலிற் கொட்றிங்டன் இவற்றை யாழ்ப்பாண அரசரோடு தொடர்புபடுத்தினார். ஈரெழுத்துச் சொல்லொன்றும் நந்தியின் அமைப்பும் ஓர் அரசின் வரலாற்றுக்குச் சான்றாகின்றன. அவ்வெழுத்து நிற்பது உலோகத்திலன்று, பெரும்பாலும் களிம்பிலே. 'சே' என்பதன் கொம்பு புளியிற் கரையுமாயின் கரைவது செம்பு மட்டுமன்று.

இவற்றினும் நுண்மையானது, இலங்கையிற் பல்லாயிரக்கணக்கிற் கிடைத்துள்ள நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு உரோம நாணயங்களின் பிரச்சினை. விரல் நகத்தளவான இவை பெரும்பாலும் தேய்ந்தும் அரிக்கப்பட்டும் கிடைப்பன. அழகிய பச்சை மெருகு இவற்றுக்கு வாய்ப்பது அரிது. ஆதலின் விலையை மட்டும் நோக்குவோருக்கு இவை குப்பை. ஆனால் இவற்றுட் சில உரோமத்தில் அடிக்கப்பட்டவை. சில அவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே ஆக்கப்பட்டவை. இவ்விரண்டையும் பிரித்தறிதல், இந்துசமுத்திர வணிகத்தில் இத்தீவு பெற்ற இடத்தை அறிவதற்கு இன்றியமையாதது. றைன்ஹோல்ட் வால்பேர்க் 2008 இல் வெளியிட்ட விரிவான ஆய்வும் இவ்வினாக்களையே எழுப்புகிறது. பிரித்தறிய உதவுவன எழுத்தின் குழப்பம், உருவத்தின் மெலிந்த கோடுகள், எடை, உலோகக் கலவை என்பன. தேய்த்துத் துலக்கப்பட்ட நாணயத்தில் முதலிரண்டும் மறையும்; எடை குறையும். தேய்வை இகழ்வோர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. அழகற்ற களிம்பும் படிக்கத்தக்கது என்பதற்கு இவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மண்ணிலிருந்து வெளிப்படும் தொல்பொருள்களை அறிவிக்கவேண்டும் என்னும் கடப்பாட்டை 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் விதித்துள்ளது. ஆயினும் சட்டம் கைக்கெட்டு முன்னரே புளி கைக்கெட்டிவிடுகிறது. இதற்குக் கண்டெடுப்பவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. மினுங்குவதே மதிப்புடையது என்று அவருக்குக் கற்பித்தது அவர் வாழும் பண்பாடு. களிம்பு என்னும் சொல்லுக்குக் குற்றம் என்ற பொருளை மட்டும் வழங்கிவந்த மொழி, அதற்குச் சான்று என்னும் பொருளையும் இனி வழங்க வேண்டியுள்ளது. அது கற்றோர் செய்யவேண்டிய பணி.

முடிவுரை

தமிழிலக்கியம் கற்போர் மூலத்தையும் உரையையும் சேர்த்துக் கற்பர். உரை மூலமன்று, சிலவிடங்களில் மூலத்தை மறைக்கவும் செய்யும். ஆயினும் உரையாசிரியர் காட்டிய பாடத்தின் வழியாகவே அறியக்கூடிய இடங்கள் பழைய நூல்களிற் பல உள்ளன. அவ்விடங்களில் உரையைக் கிழித்தெறிந்தால் மூலமும் போய்விடும். நாணயத்தின் களிம்பும் இத்தகையதே. அது அடித்தவன் எழுதியதன்று. காலமும் மண்ணும் எழுதியது. அதனை மூலமென மயங்கி நிறத்தை மட்டும் பாராட்டுதல் ஒரு தவறு. மூலத்தைக் காண்பதாக எண்ணி அதனை நீக்குதல் மற்றொரு தவறு. முன்னைய தவறைத் திருத்திக்கொள்ளலாம். பின்னையதைத் திருத்துதல் இயலாது.

களிம்பை இரசித்தல் என்பது, இவ்வாறு நோக்குமிடத்து, பச்சையையோ நீலத்தையோ கண்டு மகிழ்தல் மட்டுமன்று. அதன் கீழே ஒருகாலத்து மினுக்கம் இருந்தது, அம்மினுக்கத்தைக் கைகள் தேய்த்தன, கைகள் விட்டபின் மண் ஏற்றது என்னும் மூன்றையும் ஒருங்கே காணுதலாகும். டெல்பியில் நின்ற விருந்தினர் செய்தது போல, அழகென்று கூறியவுடன் ஏன் என்றும் வினவுதலாகும். அவ்வாறு காணும் கண்ணுக்குத் தேய்ந்து கறுத்த சிறு செப்புக் காசும் அழகுடையதே. செம்பைத் தேடிக் களிம்பை நீக்குவோர் ஈற்றில் இரண்டையும் இழப்பர்.